மலாயிலிருந்து மலாய்க்கு

டெராமனின் நியமனக் கடிதத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருந்தது. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று போடவில்லை. போடாமல் விட்டவர் யாரோ, நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் அந்த மனிதரின் மறதியில்தான் டெராமன் சம்பளம் வாங்கினார்.

சுதந்திரம் வந்த மறு வருடம் எங்கள் கோலா செலாயு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதெல்லாம் நீதிபதி இங்கிலீஷில் பேசுவார், வக்கீல் இங்கிலீஷில் பேசுவார், போலீஸ்காரர் இங்கிலீஷ் மாதிரி ஒன்றைப் பேசுவார். கூண்டில் நிற்பவன் மட்டும் திருதிருவென்று முழிப்பான். அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் டெராமன் நின்றார். பிறகு தேசிய மொழியான மலாய்தான் இனிக் கோர்ட்டு மொழி என்று சட்டம் வந்தது. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மலாய்க்காரர்கள். இனி இந்த ஆளுக்கு இங்கே என்ன வேலை, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கான்டீனில் உட்கார்ந்து பேசிக்கொண்டோம். அனுப்பவில்லை. அவர் வேலை இரண்டு மடங்கானது.

ஏனென்றால் சட்டத்தோடு கூட வந்த மலாய் எங்கள் ஊர் மலாய் இல்லை. அது தலைநகரத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து செய்தது. சுத்தமானது, கம்பீரமானது, இஸ்திரி போட்டது. எங்கள் கரையில் நாங்கள் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியை மூக்கால் பேசுகிறவர்கள். படகுத்துறையில் அதுதான் செல்லும். கோர்ட்டில் நின்று அப்படிப் பேசினால் வெளியூர் நீதிபதிகள் நம்மைப் பார்த்து, இவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்பார்கள். நான் வக்கீல் ஆபீஸில் எழுத்துவேலை பார்க்கும் கிராணியாக முப்பது வருடம் அந்தக் கட்டடத்தில் பெஞ்சு தேய்த்தவன். என் காதாலேயே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.

டெராமனும் ஆற்றுமுகத்து மீனவன் பிள்ளைதான். ஆனால் சின்ன வயதிலேயே வானொலிச் செய்தியைக் கேட்டுக் கேட்டு, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்து, அந்தச் சுத்த மலாயைத் தன் வாய்க்குள் ஏற்றிவிட்டார். கோர்ட்டில் அவர் குற்றப்பத்திரிகை வாசித்தால் குற்றவாளிக்கே ஒரு பெருமை வரும். நம்மைப் பற்றியா இவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்துவான். வீட்டிலும் அவர் அப்படித்தான். அவர் மனைவி மெக் சோம் என் மனைவியிடம் ஒருநாள் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். "மீனு வறுத்திருக்கேன், திங்க வாங்கன்னு கூப்பிட்டா, 'உணவருந்த வருகிறேன்'ங்கிறாரு. இந்த மனுஷனோட எப்பிடிக்கா குடும்பம் நடத்துறது?"

ஆனால் கோர்ட்டு ஓடியது அந்த அழகான குரலால் அல்ல. இன்னொரு குரலால்.

ஆடு திருடிய ஒருவன் நிற்கிறான் என்று வையுங்கள். டெராமன் சொங்கோக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பார். "கடந்த திங்கள் பதினான்காம் நாள், பிற்பகல் ஏறத்தாழ நான்கு மணியளவில், பிறர்க்கு உடைமையான கால்நடையொன்றினை, அன்னாரது இசைவின்றி, நேர்மையற்ற நோக்கத்துடன் நீர் அப்புறப்படுத்தியதன் வாயிலாக..." பன்னிரண்டு வரி போகும். முடித்துவிட்டுக் காகிதத்தைத் தாழ்த்துவார். பேனா கீழே விழுந்த மாதிரி லேசாகக் கூண்டுப் பக்கம் குனிவார். "ஆட்டத் தூக்குனியா இல்லியாடா?" என்று எங்கள் கரைப் பேச்சில் மூச்சுக்குக் கீழே கேட்பார். அவன் தூக்கினேன் என்பான், அல்லது இல்லை என்பான். டெராமன் நிமிர்ந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பதிலைச் சுத்த மலாயில் நீதிபதிக்குச் சமர்ப்பிப்பார். குற்றச்சாட்டு தேசிய மொழியில் வாசிக்கப்பட்டது, எதிரி புரிந்துகொண்டார் என்று பதிவேட்டில் ஏறும். கூண்டில் நிற்பவனுக்குக் கோர்ட்டில் எதிரி என்று பெயர். அதில் பொய் எதுவும் இல்லை. வாசித்தது உண்மை, புரிந்ததும் உண்மை. நடுவில் நடந்த மூன்று வினாடி மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அந்த மூன்று வினாடிதான் எங்கள் ஊரின் நீதி. டெராமனுக்கு அது பெரிய வெட்கக்கேடு. ஒருநாள் கோப்பி குடிக்கும்போது நானாகப் பேச்செடுத்தேன். நீங்கள் குனிந்து கேட்பதால்தான் அண்ணே பாதிப் பேர் தப்பிக்கிறார்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நாடு என்று ஒன்று இருந்தால் எல்லாருக்கும் ஒரே பேச்சு வேண்டும், நான் குனிகிற ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு ஓட்டை போடுகிறேன் என்று சுத்த மலாயிலேயே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது அந்த வருடத்து மொழி மாதம் வந்தது. அரசாங்க ஆபீஸ்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். எந்த ஆபீஸ் தேசிய மொழியைப் பிசகில்லாமல் புழங்குகிறதோ அதற்கு ஒரு கேடயம். அதோடு ஒரு தனி மனிதருக்கு மொழிக் காவலர் பட்டம், பெரிய மேடையில், பெரிய மனிதர் கையால். எங்கள் ரெஜிஸ்ட்ரார் டெராமனின் பெயரைத்தான் எழுதி அனுப்பினார். அவர் டெராமனைவிடப் பதினைந்து வயது சின்னவர், பதவி உயர்வுக்குத் தவம் கிடந்தவர். தலைநகரத்திலிருந்து மூன்று பேர் வந்து ஒருநாள் முழுக்கக் கோர்ட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அன்றைக்கு ஒரு ஊர் வார்த்தை காதில் விழக்கூடாது என்று அவர் டெராமனிடம் சொன்னார். சொல்லத் தேவையே இல்லை. டெராமன் இத்தனை வருடமாகக் காத்திருந்த உத்தரவு அது.

அந்த மூவரும் வந்த நாளில், மூன்றாவது வழக்கு செமானுடையது. ஆற்றுமுகத்துக்காரன், நாற்பது வயது, சொந்தப் படகு ஒன்று. தீவை ஒட்டி மீன் பிடிக்கத் தடை செய்த கடலுக்குள் வலை போட்டான் என்று மீன்வளத் துறை பிடித்து வந்திருந்தது. படகு இரண்டு வாரமாகத் துறையில் சங்கிலி போட்டுக் கிடந்தது. குற்றம் உறுதியானால் படகு அரசாங்கத்துக்குப் போய்விடும். படகு போனால் செமான் மற்றவன் படகில் கூலிக்குப் போகவேண்டும். அவன் அப்பா அப்படிப் போய்த்தான் செத்தார். படகுத்துறையில் எல்லாருக்கும் நடந்தது தெரியும். எஞ்சின் செத்துப்போய் நீரோட்டம் படகைக் கோட்டுக்குள் இழுத்துவிட்டது. வலை நனையவே இல்லை. ஆனால் வக்கீல் வைக்க அவனுக்கு வசதியில்லை. நான் என் முதலாளியின் அடுத்த வழக்குக்காகப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

டெராமன் வாசித்தார். அவர் அவ்வளவு அழகாக வாசித்து நான் கேட்டதில்லை. முன்வரிசையில் மூவரும் பேனாவை மறந்து பார்த்தார்கள். செமான் வாயைத் திறந்தபடி நின்றான். வாசித்து முடித்ததும் டெராமன் சுத்த மலாயில் கேட்டார்: குற்றச்சாட்டு விளங்கியதா?

இங்கேதான் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய மனிதர் மெனக்கெட்டு நமக்காக இவ்வளவு நேரம் பேசிய பிறகு, புரியவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது மரியாதைக்குறைவு. செமான் விளங்கியது என்று தலையாட்டினான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, விசாரணை கோருகிறீரா என்று டெராமன் கேட்டார். செமானுக்குக் குற்றம் என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. அவன் இரண்டு கையையும் கூப்பிக் குனிந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றான். நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் சொல்வது அது. பயணம் கிளம்பும்போது சொல்வோம், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சொல்வோம். குற்றம் செய்திருந்தால்தான் சொல்லவேண்டும் என்பதில்லை. செய்யாதவன் இன்னும் அழகாகச் சொல்வான்.

இப்படி மன்னிப்புக் கேட்டவர்கள் அந்தக் கூண்டில் நூறு பேர் நின்றிருக்கிறார்கள். அப்போதெல்லாம் டெராமன் குனிந்து, "பெருநாளா கொண்டாடுறே? செஞ்சியா இல்லியா, அதச் சொல்லு" என்பார். அன்றைக்கு அவர் கை காகிதத்தைத் தாழ்த்தியது. உடம்பு கூண்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. நான் பார்த்தேன். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். நிமிர்ந்துகொண்டார்.

"எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை வேண்டுகிறார், துவான்" என்று நீதிபதியிடம் சொன்னார்.

நீதிபதி தெற்கிலிருந்து வந்த சின்ன வயசுக்காரர், நேர்மையானவர். ஒப்புக்கொண்டால் என்ன தண்டனை வரும் என்பது இவருக்குத் தெரியுமா என்று விதிப்படி கேட்டார். டெராமன் அதையும் விதிப்படி கேட்டார். துவான் சொல்வதற்குக் கட்டுப்படுகிறேன் என்றான் செமான். அதுவும் மரியாதைதான். எழுதிக்கொண்டார்கள். மீன்வள அதிகாரி எழுந்து, படகைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று கேட்டார். தண்டனை மதியம் இரண்டரைக்கு என்று நீதிபதி எழுந்து போனார். முன்வரிசை மூவரும் டெராமனைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

கான்டீனில் டெராமனும் நானும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது செமான் தேடி வந்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அண்ணே, செய்தி வாசிக்கிறவரு தோத்தாரு போங்க" என்றான். "ஒரு வார்த்த புரியல. ஆனா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

டெராமன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பெயிண்ட்டு உரசுனதுக்கு இவ்வளவு பெரிய எடத்துல மன்னிப்புக் கேக்கணும்னு நெனைக்கல. கேட்டாச்சு, தொல்ல விட்டுச்சு. படகு சாவிய எந்த ரூம்புல குடுப்பாங்க அண்ணே?"

என்ன பெயிண்ட் என்று நான் கேட்டேன். அவன் சொன்னான். மீன்வளத் துறைக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தபோது இவன் படகு அவர்களுடைய புதுப் படகில் மோதி, பெயிண்ட் ஒரு முழ நீளத்துக்கு உரிந்துவிட்டது. கரை வரும்வரை அந்த அதிகாரி பெயிண்ட்டைப் பற்றியேதான் கத்தியிருக்கிறார். வலையைப் பற்றி யாரும் இவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் கோர்ட்டுக்குக் கூப்பிட்டதும் பெயிண்ட்டுக்காகத்தான் என்று நினைத்து வந்திருக்கிறான். நினைத்ததில் தப்பும் இல்லை, பெயிண்ட்டை அவன்தான் உரித்தான். டெராமன் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் ரெஜிஸ்ட்ரார் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டெராமன் நடந்ததைச் சொன்னார். அவனுக்குப் புரியவில்லை, ஒப்புக்கொண்டதை ரத்து செய்ய வேண்டும் என்றார். ரெஜிஸ்ட்ரார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது கேட்டது.

"என்சிக் டெராமன், மலாய்க்காரனுக்கு மலாய் புரியலன்னு நான் எழுதணுமா? இந்த மாசத்துலயா?"

பிறகு அவர் மெதுவாகத்தான் பேசினார். பட்டம் உங்களுக்கென்று முடிவான மாதிரிதான் என்றார். இவனுக்குப் புரியவில்லை என்று நீங்களே சொன்னால், முப்பத்தொரு வருடமாக நீங்கள் வாசித்தது யாருக்குப் புரிந்தது என்று கேட்பார்களே, ஒவ்வொரு கோப்பாகத் தோண்டுவார்களே என்றார். மீனவன் மேல்முறையீடு செய்யட்டும், அதற்கும் மனு இருக்கிறது என்றார். அந்த மனு எந்த மலாயில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். டெராமனுக்கும் தெரியும். அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டரைக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். நீதிபதி கோப்பைத் திறந்தார். தண்டனை சொல்லப் போகிறார், மொழிபெயர்க்க டெராமன் கூண்டருகே வந்து நின்றார். அவர் குனிவார் என்று எதிர்பார்த்தேன். குனியவில்லை. நின்ற நிலையிலேயே, கட்டடமே கேட்கிற குரலில், மூக்கால் இழுக்கிற எங்கள் கரைப் பேச்சில் கேட்டார்.

"தம்பி செமான், தீவோரத்துல நீ வலைய எறக்குனியா இல்லியா?"

பின்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். செமான் மிரண்டுபோனான்.

"வலையா? ஐயோ, இல்லண்ணே. எஞ்சினு செத்துருச்சு, தண்ணி இழுத்துட்டுப் போச்சு. வல காஞ்சே கெடந்துச்சே, அவுங்களே பாத்தாங்க. பெயிண்ட்ட உரிச்சது நாந்தான். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, இங்கே என்ன பேசுகிறீர்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்றார். ரெஜிஸ்ட்ரார் கண்ணை மூடிக்கொண்டார். டெராமன் சுத்த மலாயில் விளக்க வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மொழிபெயர்ப்பாளரே எதிரியிடம் சொந்தமாகக் கேள்வி கேட்டுவிட்டார், இனி இவர் மொழிபெயர்ப்பதை ஏற்க முடியாது, வேறு யாராவது இருக்கிறார்களா என்றார்.

இருந்தார். ஹோங். சீனமொழிக்கு என்று எங்கள் கோர்ட்டில் நியமித்திருந்த ஆள். ஊரில் சீனர்கள் சண்டை போட்டுக்கொள்வதே அபூர்வம் என்பதால் இருபது வருடமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிறந்தது இதே ஆற்றங்கரை, எங்கள் கரைப் பேச்சை எங்களைவிட நன்றாக மூக்கால் பேசுவார். சுத்த மலாயைப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படித்தவர், அதுவும் பிசகாது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு மலாய்க்காரர்கள் மலாயில் பேசியதை, ஒரு மலாய்க்கார நீதிபதிக்காக, ஒரு சீனர் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னார். முன்வரிசை மூவரும் விழுந்து விழுந்து எழுதினார்கள்.

ஒப்புக்கொண்டது ரத்தானது. எதிரிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் எதிரியின் மொழி என்று ஒரு இடம்: மலாய், சீனம், தமிழ், பிற. எதில் குறி போடுவது என்று ஹோங் ரெஜிஸ்ட்ராரைக் கேட்டார். மலாயில் போட்டால், அப்படியானால் மொழிபெயர்ப்பு எதற்கு என்று மேலே கேட்பார்கள். ரெஜிஸ்ட்ரார் நெற்றியைத் தேய்த்துவிட்டு, "பிறன்னு போடுங்க" என்றார். ஏழு தலைமுறையாக அந்த ஆற்றுமுகத்தில் இருக்கிற குடும்பம் செமானுடையது.

பிறகு நீதிபதி டெராமனை நேராகப் பார்த்து, இப்படி எத்தனை பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டார். டெராமன் ஒரு தாள் வேண்டும், எழுதித் தருகிறேன் என்றார். நின்றபடியே கூண்டுக் கட்டைமேல் வைத்து எழுதினார். நீதிபதி வாங்கிப் படித்தார். உரக்கப் படிக்கவில்லை. கோப்பில் சேருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து வழக்கு நடந்து செமான் விடுதலையானான். படகு திரும்பக் கிடைத்தது, அடியெல்லாம் சிப்பி பிடித்து. மீன்வளத் துறை பெயிண்ட்டை மறக்கவில்லை. அதற்குத் தனியாக வழக்குப் போட்டது. ஹோங் கேட்டார், செமான் ஒப்புக்கொண்டான். என்ன என்று தெரிந்தே ஒப்புக்கொண்டதால் அபராதத்தை அவன் கொஞ்சம் கெத்தாகவே கட்டினான். கேடயம் கால்நடை ஆபீஸுக்குப் போனது. மொழிக் காவலர் பட்டம் ஹோங்குக்குக் கிடைத்தது, தகுதியானவர்தான். டெராமனுக்குக் கோர்ட்டில் அலுவல் மொழியல்லாத பேச்சைப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் நாலு தப்பு இருந்ததாம். அவற்றைத் திருத்தி, பதிலோடு இணைத்து அனுப்பினார். எட்டு மாதத்தில் ஓய்வு பெற்றார், வழியனுப்பு விருந்தில் பேச மறுத்துவிட்டார்.

போன வருடம் வேறொரு வழக்குக்காகப் பழைய கோப்புகளைப் பிரதியெடுக்கப் போனபோது அந்தத் தாளைப் பார்த்தேன். வரிகள் சாய்ந்திருந்தாலும் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. சுத்த மலாய். பல நூறு பேருக்கு நான் குனிந்து மறுபடி கேட்டிருக்கிறேன், அதனால் அவர்கள் தெரிந்துதான் பதில் சொன்னார்கள், இன்று விருந்தினர் இருந்ததால் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, தனியாக ஒரு வரி.

"அவருக்கு விளங்கவில்லை என்பது, ஒப்புக்கொண்டார் என்று நான் கூறிய அந்நேரத்திலேயே, எனக்குத் தெரிந்திருந்தது."

கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருந்தார்.